பழைய வீட்டு யன்னலில் பெயின்ட் உரிகிறது, தவழும் பிள்ளை இருக்கிறது. சுரண்டிப் புதிதாக அடித்தால் போதுமா?

தயவுசெய்து சுரண்டுவதற்கு அவசரப்பட்டு ஆளைக் கூப்பிடாதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், காய்ந்தபடி சுரண்டினால் அது தூளாகக் கிளம்பும். உங்களுடையதும் வாடகை வீடாகத்தான் இருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன்.

நாங்கள் வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் பழைய வீட்டில் இருக்கிறோம். உப்புக் காற்றுக்கு யன்னல் எனாமல் செதில் செதிலாக எழும்பும். மகள் யன்னல் கட்டையைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கப் பழகினாள், பிடித்த கை அடுத்த நிமிடம் வாயில். தீபாவளிக்கு முன் வீட்டுக்கார அங்கிள் பெயின்ட் பாஸை அனுப்பினார். சாண்ட் பேப்பரோடு வந்தவரை நான் வாசலிலேயே மறித்தேன். "பாஸ், தண்ணீர் போட்டுத் தேய்ப்பதென்றால் தேயுங்கள், காய்ந்தபடி விடமாட்டேன்."

அங்கிள் போனில் கத்தினார். "முப்பது வருஷமா இந்த வீட்டில பிள்ளைகள் வளர்ந்தவை, ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்லை." மாமியும் அவர் பக்கம்தான்.

ஒன்றும் வரவில்லை என்று யார் பரிசோதித்துப் பார்த்தது? ஈயம் காய்ச்சல் மாதிரி காட்டிக்கொண்டு வருவதில்லை. படிப்பையும் கவனத்தையும் சத்தமில்லாமல் குறைக்கும். இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கைச் சின்னப் பிள்ளைகளின் உடல் எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் வீடுகளுக்கு ஈயப் பெயின்டை 1978இலேயே தடை செய்துவிட்டார்கள். இலங்கையில் பெயின்டில் இருக்கக்கூடிய ஈயத்துக்கு வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். அதற்கு முன் அடித்த எனாமலை நான் நம்பமாட்டேன்.

நான் டொக்டர் இல்லை, எல்லாப் பழைய வீட்டிலும் ஈயம் இருக்கிறது என்றும் சொல்லவில்லை. "இந்தக் காலத்துத் தாய்மாருக்கு எல்லாவற்றுக்கும் பயம்" என்று கீழே எழுத வருகிறவர்கள் இதையும் வாசித்துவிட்டு எழுதுங்கள்.

கடைசியில் பாஸ் நனைத்துத்தான் தேய்த்தார். நிலத்தில் பொலித்தீன் விரித்து, அறைக் கதவை அடைத்து வேலை நடந்தது. முடியும்வரை மகள் அம்மா வீட்டில். கர்ப்பிணிகளும் அங்கே நிற்கக்கூடாது, தாயின் இரத்தத்திலுள்ள ஈயம் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். சிலர் நெருப்பு காட்டிப் பெயின்டை உரிப்பார்கள், அது இன்னும் மோசம், புகையோடு ஈயம் வரும். திறந்து மூடும்போது உரசுகிற இடங்களில் புதுப் பெயின்ட் சீக்கிரம் தேய்ந்து பழையது தூளாகக் கொட்டும், அதனால் யன்னல் விளிம்பை இன்றும் ஈரத் துணியால்தான் துடைக்கிறேன். விளக்குமாறு அந்தத் தூளைக் கிளப்பிவிடும். சாப்பாட்டுக்கு முன் கை கழுவல் கட்டாயம். இரும்பும் கல்சியமும் குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக இழுக்கும் என்பதால் கீரையும் நெத்தலியும் விடுவதில்லை. உங்கள் பிள்ளை ஏற்கெனவே செதிலை வாயில் போட்டிருந்தால், பிள்ளைகள் டொக்டரிடம் சொல்லி இரத்தத்தில் ஈய அளவு பார்க்கக் கேளுங்கள்.

இன்னொன்று, மனம் கொதிப்பதால் சொல்கிறேன். ஒரு வருட வாடகையை அட்வான்ஸாக வாங்குகிறார்கள். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறார்கள். உரியும் பெயின்ட் யார் பொறுப்பு என்று ஒரு வரி கிடையாது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது நாங்கள் அந்த வரியைக் கேட்டு எழுதிக்கொண்டோம். நீங்களும் கேளுங்கள்.