சிஎஸ்கே ஜெயிக்க ஜெபம் பண்ணலாமா?

கேள்வி: கிறிஸ்தவர்கள் தங்களுக்குப் பிடித்த அணி ஜெயிக்க வேண்டும் என்று ஜெபிக்கலாமா? மேட்சுக்காக ஆராதனை நேரத்தை மாற்றுவது தவறா?

கேள்வியைப் படித்ததுமே ஆள் யார் என்று புரிந்துவிட்டது தம்பி. நீங்கள் ஏதோ ஒரு சபையில் வாலிபர் சங்கத்தில் இருக்கிறீர்கள். பெரியவர் ஒருவர் கோயில் வாசலில் நிறுத்தி வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறாமல் இங்கே வந்து கேட்டிருக்கிறீர்கள். சரிதானே?

பதில் இதுதான். ஜெபிக்கலாம். நேரத்தை மாற்றலாம், ஆராதனையை விடக் கூடாது. அவ்வளவோடு நிறுத்திவிடலாம்தான். ஆனால் இந்த விஷயத்தில் எங்கள் ஊரில் என் தலை ரொம்ப உருண்டது. அதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இறையியல் படித்தவன் இல்லை. காட்பாடிப் பக்கம் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். அப்போது எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக் கமிட்டியில் செயலாளராக இருந்தேன். "எங்கள் வீட்டில் டிவியே கிடையாது" என்று கமெண்ட் போடப் போகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. உங்கள் விசுவாசம் உங்களோடு. என்னைத் திருத்த வசனம் அனுப்ப வேண்டாம், அதெல்லாம் அப்போதே நிறைய வந்துவிட்டது.

2023 ஐபிஎல் இறுதிப் போட்டி மே 28, ஞாயிற்றுக்கிழமை, அகமதாபாத்தில். சென்னையும் குஜராத்தும். திருச்சபை நாட்காட்டியை எடுத்துப் பார்த்தால் அன்றைக்குப் பெந்தெகொஸ்தே பண்டிகை, சீஷர்கள்மேல் பரிசுத்த ஆவியானவர் இறங்கியதை நினைக்கும் நாள். காலை ஆராதனைக்கும் திருவிருந்துக்கும் ஒரு குறையும் இல்லை. சிக்கல் சாயங்காலம்தான். ஆறரைக்கு வாலிபர் ஆராதனை, ஏழு மணிக்கு டாஸ், ஏழரைக்கு ஆட்டம். பையன்கள் கூட்டமாகக் கடைக்கு வந்துவிட்டார்கள். "அண்ணா, அஞ்சு மணிக்கே வச்சிடுங்கண்ணா, எல்லாரும் வந்துடறோம்." வேலூர் வெயிலில், அக்கினி நட்சத்திரம் இன்னும் முடியாத நாளில், ஐந்து மணிக்குக் கோயிலுக்கு வருகிறோம் என்று வாலிபர்கள் தாங்களாகக் கேட்பதை உங்கள் சபையில் பார்த்திருக்கிறீர்களா? நான் அதுவரை பார்த்ததில்லை.

ஐயரிடம், அதாவது எங்கள் சபைப் போதகரிடம், போய்க் கேட்டேன். அவர் மும்பை ரசிகர். இரண்டு நாள் முன்னால்தான் குஜராத் அவருடைய மும்பையை வெளியே அனுப்பியிருந்தது, சுப்மன் கில் 129 அடித்த ஆட்டம். "தாராளமா மாத்துங்க, அந்த குஜராத் தோக்கறத நானும் பாக்கணும்" என்றார். பழிவாங்குதல் கர்த்தருக்கு உரியது என்று அதற்கு முந்தின மாதம் அரை மணி நேரம் பிரசங்கம் பண்ணியவர்தான்.

எதிர்ப்பு வந்தது கமிட்டியில் இருந்த ஒரு பெரியவரிடமிருந்து. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். என் அப்பாவுக்கே பாடம் எடுத்தவர், எனக்கு அவர் எதிரில் உட்காரவே கூச்சம். அவர் எரிக் லிடிலைக் கொண்டுவந்து நிறுத்தினார். உங்களுக்கும் இந்த உதாரணம் வந்திருக்கும், வரவில்லையென்றால் சீக்கிரம் வரும். ஸ்காட்லாந்து ஓட்டக்காரர், பெற்றோர் சீனாவில் மிஷனரிகள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று தெரிந்ததும் ஓட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக 400 மீட்டர் ஓடி, 47.6 வினாடியில் தங்கம் வாங்கினார். அப்புறம் அவரும் மிஷனரியாகச் சீனாவுக்குப் போய், 1945-இல் ஜப்பானியர்களின் முகாமில் இறந்துபோனார். "அவரு ஒலிம்பிக்கையே வுட்டாருபா, நீங்க டிவியில பாக்கறத வுட முடியாதா?" என்றார் பெரியவர்.

கமிட்டியில் யாரும் பேசவில்லை. நான் பேசினேன். ஐயா, லிடில் தான் ஓடமாட்டேன் என்றார். அன்றைக்கு ஓடிய மற்றவர்களை வழிமறித்து நிற்கவில்லை. நாங்களும் ஆராதனையை விடவில்லை, ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளுகிறோம், அவ்வளவுதான். இதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பள்ளிக்கூடத்தில் அவர் அப்படித் துடைத்தால் அடுத்தது பிரம்புதான் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

ஐந்து மணிக்குக் கோயில் நிறைந்துவிட்டது. மஞ்சள் சட்டைகளைப் பார்த்தால் ஏதோ வேறு திருவிழா போலத்தான் இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். சாட்சி சொல்லும் நேரம், ஜெப நேரம் எல்லாம் முறையாக நடந்தது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, பரீட்சைக்காக, பாட்டியின் முழங்கால் வலிக்காக, மணிப்பூர் ஜனங்களுக்காக ஜெபித்துவிட்டு, கடைசியில் மூச்சு விடாமல், "இன்னிக்கி நைட்டு சிஎஸ்கே கப் அடிக்க கிருபை செய்யும் ஆண்டவரே" என்று முடித்தான். பாதிக் கோயில் ஆமென் சொன்னது. மீதிப் பாதி சிரித்தது. பெரியவர் பின்வரிசையில் கண்ணைத் திறந்து என்னை மட்டும் பார்த்தார்.

வெளியே வந்ததும் கேட்டார். "குஜராத்துலயும் விசுவாசிங்க இருப்பாங்க. ஆண்டவரு யார் பக்கம் நிப்பாரு?"

உங்கள் கேள்வியும் இதுதான் என்று நினைக்கிறேன். எனக்கு இதில் குழப்பமே வரவில்லை. பாலாற்றில் தண்ணீர் வர வேண்டும் என்று எங்கள் சபையில் ஜெபிக்காத வருஷம் கிடையாது. அதே சபையில் செங்கல் சூளை போட்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். வேகாத கல் அடுக்கி வைத்திருக்கும் நாளில் அவர்கள் என்ன கேட்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளமே வந்தது. அப்போது போதும் ஆண்டவரே என்று எல்லோரும் சேர்ந்து ஜெபித்தோம். யாரும் யாரையும் பாவி என்று சொல்லவில்லை. மனசில் இருப்பதைத் தகப்பனிடம் கேட்கிறோம். கொடுப்பதும் கொடுக்காததும் அவர் பாடு. பரீட்சைக்கு ஜெபித்தால் பக்தி, மேட்சுக்கு ஜெபித்தால் விளையாட்டுத்தனம் என்று பிரிப்பது பெரியவர்கள் வேலை. அந்தப் பையனுக்கு அன்றைக்கு இரண்டும் ஒரே பாரம்தான்.

சரி, மேட்சுக்கு வருகிறேன். அகமதாபாத்தில் மழை. டாஸ்கூடப் போடவில்லை. கோயில் ஹாலில் கட்டியிருந்த திரையில் மைதானத்தை மூடிய தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். விளையாட முடியாது, நாளைக்கு என்று பதினோரு மணிவாக்கில் அறிவித்தார்கள். நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதே பெரியவரிடமிருந்து போன் வந்தது.

"இன்னாபா செக்ரட்டரி, ஆவியானவரு பதில் சொல்லிட்டாரு பாத்தியா?"

பெந்தெகொஸ்தே நாளில் ஆராதனை நேரத்தை மாற்றி, அதே நாளில் மேட்சும் நடக்காமல் போனால் ஒரு செயலாளர் என்ன பேச முடியும்? ஊர் முழுக்க இது பரவியது. கடைக்கு ஸ்விட்ச் வாங்க வந்தவர்கள்கூடக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை ராத்திரி நடந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். நம் சென்னைப் பையன் சாய் சுதர்சனே எதிர்ப்பக்கம் நின்று 96 அடித்தால் யாரைத் திட்டுவது? குஜராத் 214. சென்னை மூன்று பந்து ஆடியதும் மறுபடி மழை. நள்ளிரவு தாண்டி ஆரம்பித்தபோது இலக்கை 15 ஓவரில் 171 என்று மாற்றினார்கள். தோனி முதல் பந்திலேயே அவுட். கடைசி இரண்டு பந்தில் பத்து ரன். ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். ஐந்தாவது கோப்பை.

அப்போது மணி ஒன்றரை தாண்டிவிட்டது. தெருவில் பட்டாசு. சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு செய்தி வந்து விழுந்தது. "ஸ்தோத்திரம்!" அனுப்பியவர் பெரியவர். காலையில் போய்க் கேட்டேன், தூங்கவில்லையா ஐயா என்று. "ராத்திரி ஜெபத்துக்கு எழுந்தேன்பா" என்றார். சரிங்க ஐயா என்றேன். அவருடைய மருமகளிடம் விசாரிக்கலாம் என்று தோன்றியது, விசாரிக்கவில்லை.

இதனால்தான் 2025 அக்டோபரில் இந்திய கிரிக்கெட் வீராங்கனை ஜெமிமா ரோட்ரிக்ஸ் விஷயத்தில் எனக்குக் கோபம் வந்தது. மகளிர் உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 339 ரன்னைத் துரத்தும்போது ஆட்டமிழக்காமல் 127. முடிந்ததும் அழுதுகொண்டே இயேசுவுக்கு நன்றி சொன்னாள். நீ அசையாமல் நில், தேவன் உனக்காக யுத்தம் பண்ணுவார் என்ற வசனத்தைச் சொல்லிக்கொண்டே ஆடினதாகச் சொன்னாள். அதற்கு இணையத்தில் எத்தனை ஏச்சு! பேட்டை எடுத்தவன் வானத்தைப் பார்க்காமல் எந்த நாட்டில் கிரிக்கெட் ஆடுகிறார்கள், சொல்லுங்கள். இறுதிப் போட்டி நவம்பர் 2, கல்லறைத் திருநாள். பூ, மெழுகுவத்தி எல்லாம் வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வந்தோம். மூன்று மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம் மழையால் ஐந்து மணிக்குத்தான் தொடங்கியது. "பாத்தியா, இந்தத் தடவ மழை நமக்கு சாதகமா பெஞ்சிருக்கு" என்றாள் அம்மா. தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயித்தோம். தீப்தி ஐந்தாவது விக்கெட்டை எடுக்கும்வரை அம்மா ஜெபமாலைக்காரி மாதிரி முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். ஜெபமாலை எங்கள் சபை வழக்கமே இல்லை.

பெரியவர்கள் மறுபடி லிடிலை எடுத்தால் நீங்கள் டேவிட் ஷெப்பர்டை எடுங்கள். இங்கிலாந்துக்கு 22 டெஸ்ட் ஆடியவர், குருப்பட்டம் பெற்ற பிறகும் ஆடினார், பின்னாளில் லிவர்பூல் பிஷப். ஆஸ்திரேலியாவில் கேட்சுகளை விட்டபோது, இந்த ஐயர் கைகளை இன்னும் அடிக்கடி சேர்த்துக் கூப்பினால் நன்றாயிருக்கும் என்று அதே அணியின் பந்துவீச்சாளர் ஃப்ரெட் ட்ரூமன் கிண்டல் அடித்ததாகச் சொல்வார்கள். எங்கள் ஐயருக்கு இதைச் சொன்னேன், அடுத்த வாரப் பிரசங்கத்தில் தன் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்துவிட்டார்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் சொல்கிறேன். கூடைப்பந்து 1891-இலும் வாலிபால் 1895-இலும் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. ஆட்கள் கண்டுபிடித்த ஆட்டங்கள். சென்னையில் அதே ஒய்.எம்.சி.ஏ. 1920-இல் உடற்கல்விக் கல்லூரி தொடங்கியது. எனக்கு வாலிபால் சொல்லிக்கொடுத்த பி.டி. மாஸ்டர் அங்கே படித்து வந்தவர், கோயில் வளாகத்தில்தான் நெட் கட்டிச் சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கு அந்த இடம் முழுக்க பேவர் பிளாக் பதித்து கார் பார்க்கிங் ஆக்கிவிட்டார்கள். நான் கமிட்டியை விட்டு வந்த பிறகு எடுத்த முடிவு. கல்யாணத்துக்கு வரும் கார்களுக்கு இடம் வேண்டுமாம். வாரத்தில் ஆறு நாள் அங்கே ஒரு வண்டியும் நிற்பதில்லை, வெயிலில் கால் வைக்க முடியாது. பையன்கள் மேட்ச் பார்ப்பதைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் அவர்கள் ஆடுவதற்கு இரண்டு கம்பம் நட இடம் விட்டிருக்கலாம். எங்கள் சபைக் கமிட்டியில் இப்போது இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தெற்கு மூலையில் வேப்பமரத்துக்குப் பின்னால் இன்னும் கல் பதிக்கவில்லை. அங்கே ஒரு கோர்ட் தாராளமாக வரும், நெட்டும் லைட்டும் நான் என் கடையிலிருந்து தருகிறேன்.