வரிச்சண்டையால் கறி தேங்கினால் மாடு வளர்ப்பவருக்கு என்ன ஆகும்?

கேள்வி இது: நாடுகள் மாறி மாறி இறக்குமதி வரி போட்டுக்கொள்வதால் அமெரிக்காவில் இறைச்சி தேங்குகிறது என்கிறார்களே, அதனால் அங்கே மாடு வளர்ப்பவர்களுக்கு உண்மையிலேயே நஷ்டமா? கறி விலை குறைந்தால் வாங்குகிறவர்களுக்கு நல்லதுதானே?

நஷ்டம்தான். ஆனால் அது வந்து சேருகிற வழி கொஞ்சம் சுற்றுவழி. நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, 2017 முதல் நாலு வருஷம் கான்சாஸ் மாநிலத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். கன்றுகளுக்கு வரும் நுரையீரல் நோய்தான் என் ஆய்வு. ரத்த மாதிரி எடுக்கப் பண்ணை பண்ணையாகப் போவேன். மாட்டைப் பிடித்து நிறுத்தி ஊசி குத்துகிற நேரத்திலும் அவர்கள் பேச்சு விலையைப் பற்றித்தான் இருக்கும். எனக்குத் தெரிந்ததில் பாதி அங்கே கேட்டது.

அடிக்கடி போன பண்ணை ஒன்று மேற்குக் கான்சாஸில் இருந்தது. நூற்றைம்பது தாய்ப்பசுக்கள். எழுபதை நெருங்கிய ஒரு பெரியவரும் அவர் மனைவியும்தான் எல்லாம் பார்த்துக்கொண்டார்கள். மதியம் வானொலியில் சந்தை விலை சொல்லும்போது அவர் எந்த வேலையாக இருந்தாலும் விட்டுவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு; எந்தப் பசு சினை, எது எப்போது ஈன்றது எல்லாம் அதில் இருக்கும்.

முதலில் அங்கே மாடு எப்படிக் கைமாறுகிறது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் வரியின் விளைவு புரியாது. வசந்தத்தில் கன்று பிறக்கும். கோடை முழுக்கத் தாயோடு புல்வெளியில் இருக்கும். அக்டோபரில் பால் மறக்கடித்து, சுமார் 250 கிலோ எடையில் ஏலக் கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். வாங்குகிறவர் அதைக் கொஞ்ச காலம் மேய்ச்சலில் விட்டு, பிறகு ஃபீட்லாட் என்கிற, மாட்டைக் கொழுக்க வைக்கும் பட்டியில் அடைத்து, மக்காச்சோளம் போட்டு 600 கிலோவுக்கு மேல் ஏற்றுவார். அங்கிருந்து இறைச்சி ஆலை. கொழுத்த மாடுகளில் நூற்றுக்குச் சுமார் 85 நான்கே நிறுவனங்களுக்குப் போகின்றன. பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள். கன்று ஆலைக்குப் போகும்போது ஒன்றரை வயதைத் தாண்டியிருக்கும். ஆக, காளையைச் சேர்த்த நாளிலிருந்து கறியாகும் வரை இரண்டே கால், இரண்டரை வருஷம். வரி ஒரு ராத்திரியில் வந்துவிடும்.

சரி, 2018க்கு வருவோம். அமெரிக்கா எஃகுக்கும் அலுமினியத்துக்கும் வரி போட்டது. பதிலுக்கு ஏப்ரலில் சீனா அமெரிக்கப் பன்றிக்கறிக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ஜூலையில், சீனப் பொருள்கள் மேல் அமெரிக்கா தனியாகப் போட்ட வரிக்குப் பதிலாக இன்னொரு 25. ஏற்கெனவே இருந்ததையும் சேர்த்து மொத்தம் 62. மெக்சிகோ தன் பங்குக்கு 20 சதவீதம். மாட்டுக்கறி மேலும் சீனா 25 சதவீதம் ஏற்றியது. 2003இல் பைத்திய மாட்டு நோயால் மூடிய அந்தச் சந்தை 2017 கோடையில்தான் மறுபடி திறந்திருந்தது. ஒரு வருஷம்தான் ஓடியிருந்தது.

அந்த ஜூலையில் அமெரிக்கக் குளிர்பதனக் கிடங்குகளில் 250 கோடி பவுண்டுக்கு மேல் இறைச்சி இருந்தது. கிலோவில் 110 கோடிக்கு மேல். இதில் பலர் கவனிக்காத ஒன்று: பெரும்பங்கு கோழியும் பன்றியும்தான். மாட்டுக்கறி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அந்த வருஷம் மாட்டுக்கறி ஏற்றுமதி 833 கோடி டாலரைத் தொட்டு அதுவரை இல்லாத உச்சத்துக்குப் போனது. தென்கொரியாவும் ஜப்பானும் அள்ளி வாங்கின. கொரியா 2012 ஒப்பந்தப்படி 40 சதவீத வரியை வருஷா வருஷம் குறைத்துக்கொண்டே வந்தது.

அப்படியென்றால் பெரியவருக்கு என்ன கவலை? அவருடைய கன்றை அக்டோபரில் வாங்குகிறவர், ஒரு வருஷம் கழித்துக் கொழுத்த மாடு என்ன விலைக்குப் போகும் என்று கணக்குப் போட்டுத்தான் வாங்குகிறார். கிடங்கில் பன்றிக்கறி மலையாகக் கிடக்கிறது. அது கடையில் மலிவாக இறங்கினால் ஜனங்கள் மாட்டுக்கறியை விட்டு அந்தப் பக்கம் போவார்கள். நாளைக்கு ஜப்பானோடும் சண்டை வந்தால்? இந்த 'வந்தால்' ஒவ்வொன்றுக்கும் வாங்குகிறவர் ஒரு தொகையைக் கழித்துக்கொள்கிறார். தீவனச் செலவு அவருக்குக் குறையாது, ஆலை கொடுப்பது அவர் கையில் இல்லை. கழிக்க முடிந்த ஒரே இடம் கன்றின் விலை. ஆகவே வரி பன்றி மேல் விழுந்தாலும், நாளை விழலாம் என்ற பேச்சு மட்டும் இருந்தாலும், அடி கடைசியில் கன்று வளர்ப்பவருக்கு வந்துவிடுகிறது.

அந்த அக்டோபரில் அவரோடு ஏலத்துக்குப் போனேன். நம் ஊர்ச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், கட்டுப்படியாகவில்லை என்றால் கையை உருவிக்கொண்டு மாட்டைத் திரும்ப ஓட்டி வந்துவிடலாம். அங்கே ஏலக்காரர் பாட்டு மாதிரி விலையை அடுக்கிக்கொண்டே போகிறார். ஒரு கூட்டம் கன்று வளையத்துக்குள் வந்து வெளியே போக ஒரு நிமிஷம் ஆகாது. விலை பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் உரிமை உண்டு. ஆனால் புல் தீர்ந்துவிட்டது, குளிர் வந்துவிட்டது, வங்கித் தவணை நவம்பரில். விற்றார். வழக்கமாகத் தாய்மாடாக வளர்க்கப் பிரித்து வைக்கும் கிடேரிகளையும் அன்றைக்கே சேர்த்து விற்றார். திரும்பி வரும்போது வண்டியில் யாரும் பேசவில்லை.

கறி சேர்ந்ததற்கு வரி மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். 2014, 2015இல் கன்று நல்ல விலைக்குப் போனது. எல்லாரும் கிடேரியை விற்காமல் வைத்துக்கொண்டார்கள். 2014இல் 8.8 கோடியாக இருந்த நாட்டின் மொத்த மாட்டு மந்தை 2019 தொடக்கத்தில் 9.4 கோடியைத் தாண்டியது. நல்ல விலை பார்த்து எடுத்த முடிவு கறியாகி வரும்போது காலம் மாறிவிட்டிருந்தது. வரி அந்த நேரம் பார்த்து வந்தது.

தேக்கம் என்ற ஒரே சொல்லில் இரண்டு விஷயம் இருக்கிறது: கறி தேங்குவது வேறு, மாடு தேங்குவது வேறு. கறியை உறைய வைத்து மாதக் கணக்கில் காத்திருக்கலாம். ஆலைக்குத் தயாரான மாட்டை அப்படி வைக்க முடியாது. தினமும் தின்னும், கொழுப்பு கூடிக்கொண்டே போகும், ஒரு கட்டத்துக்கு மேல் அதற்காகவே விலையைக் குறைப்பார்கள். 2019 ஆகஸ்ட் 9ஆம் தேதி கான்சாஸின் ஹோல்கம்ப் ஊரில் ஒரு பெரிய ஆலை தீப்பிடித்தது. ஒரு நாளைக்குச் சுமார் 6,000 மாடு அறுத்த இடம். உடனே உயிர்மாட்டு விலை சரிந்தது, கறியின் மொத்த விற்பனை விலை ஏறியது. மாடு ஏராளம், கறிக்கும் ஆள் உண்டு, நடுவில் வாசல் மட்டும் ஒடுங்கிவிட்டது. அடுத்த வசந்தத்தில் கொரோனாவால் ஆலைகள் மூடியபோது இதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. ஆகவே 'கறி மலிந்தால் ஜனங்களுக்கு நல்லதுதானே' என்பதற்கு என் பதில்: பண்ணையில் விலை விழுவதும் கடையில் விலை விழுவதும் ஒன்றாக நடக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நாம் ஆட்டில் குடல், ஈரல், தலை, கால் எதையும் விடுவதில்லை. அமெரிக்கர்களில் பெரும்பாலோர் மாட்டு நாக்கையோ குடலையோ தொடமாட்டார்கள். ஜப்பானில் நாக்கைச் சுட்டுச் சாப்பிடக் கூட்டம் அலைமோதும். குடல் மெக்சிகோவுக்குப் போகிறது. ஈரல் பெருமளவு எகிப்துக்கு. சோற்றின் மேல் போடும் மெல்லிய வயிற்றுக்கறித் துண்டுகளையும் ஜப்பானியர் வாங்குகிறார்கள். இப்படி ஏற்றுமதியால் 2018இல் கொழுத்த மாடு ஒன்றுக்குச் சராசரியாக 320 டாலருக்கு மேல் வந்தது. ஒரு நாடு வரியை ஏற்றினால் அந்த நாக்கை உள்ளூர்க் கடையில் அதே விலைக்கு விற்க முடியாது. நாக்குக்கு இன்னொரு ஜப்பான் கிடையாது.

அதே ஜப்பான் விஷயத்தில் வேறொரு பாடமும் இருக்கிறது. யாரும் வரியை ஏற்றாமலே நஷ்டம் வரலாம். 2017 ஜனவரியில் அமெரிக்கா பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து விலகியது. மற்ற நாடுகள் தங்களுக்குள் அதை முடித்துக்கொண்டன. 2019இல் ஜப்பானுக்குள் ஆஸ்திரேலியக் கறி 26.6 சதவீத வரியோடு போனது, அமெரிக்கக் கறி பழைய 38.5 சதவீதத்தோடு நின்றது. தனி ஒப்பந்தம் போட்டு அதைச் சரிசெய்ய 2020 ஜனவரி ஆனது.

2018இல் அரசு 1,200 கோடி டாலர் வரை நிவாரணம் அறிவித்தது. பன்றிக்குத் தலைக்கு 8 டாலர். சோயாவுக்கு, பாலுக்கு எல்லாம் உண்டு. கறிமாடு வளர்ப்பவருக்கு நேரடித் தொகை ஒன்றும் இல்லை. ஏற்றுமதிதான் உச்சத்தில் இருக்கிறதே என்பது காரணமாக இருக்கலாம். கணக்குக்கு அது சரி. அக்டோபர் ஏலத்துக்குப் போய் வந்த எனக்கு அது நியாயமாகப் படவில்லை, இன்றைக்கும் படவில்லை.

2025க்குள் நிலைமை தலைகீழாகிவிட்டது. விலை இல்லாத வருஷங்களும் அதற்கு மேல் வறட்சியும் சேர்ந்து கிடேரிகள் எல்லாம் ஆலைக்குப் போய்விட்டன. 2025 தொடக்கத்தில் மந்தை 8.67 கோடி, 1951க்குப் பிறகு அதுவரை இவ்வளவு சிறிய மந்தை இருந்ததில்லை. சதைதின்னிப் புழு வருமென்று பயந்து மெக்சிகோ கன்றுகளையும் எல்லையில் நிறுத்திவிட்டார்கள். கன்று விலை வானத்தில். சீனா 2025 மார்ச்சில் அமெரிக்க ஆலைகள் பலவற்றின் பதிவைப் புதுப்பிக்காமல் விட, அந்த ஏற்றுமதி ஏறக்குறைய நின்றே போனது. ஆனாலும் தட்டுப்பாடு அதை மறைத்துவிட்டது.

அமெரிக்க அரசு அந்த ஆகஸ்டில் பிரேசில் பொருள்கள் மேல் 50 சதவீதம் வரி போட்டதில் பிரேசில் கறியும் அடக்கம். ஹாம்பர்கருக்கு வேண்டிய கொழுப்பில்லாத கறி பெருமளவு பிரேசில், ஆஸ்திரேலியா போன்ற இடங்களிலிருந்துதான் வருகிறது, கொத்துக்கறி விலை ஏறிக்கொண்டே போனது. அக்டோபரில் ஆர்ஜென்டினாவிலிருந்து கறி வாங்குவோம் என்று அதிபர் ஒரு வார்த்தை சொன்னார், பின்னால் கைமாறப்போகும் மாட்டுக்கு முன்கூட்டியே விலை பேசும் முன்பேரச் சந்தையில் மாட்டு விலை சரிந்தது. நவம்பரில் கறி மேல் போட்ட புதிய வரிகளை அவர்களே விலக்கினார்கள்.

அந்தச் சமயத்தில் பெரியவரோடு போனில் பேசினேன். இப்போது தொண்ணூறு பசுதான். கன்றுகளை வாழ்நாளில் காணாத விலைக்கு விற்றிருக்கிறார். ஏழு கிடேரிகளை மட்டும் விற்கவில்லை. ஆர்ஜென்டினா செய்தி வந்த வாரம் அவற்றையும் ஏற்றி அனுப்பிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தாராம். அப்புறம் வைத்துக்கொண்டாராம். அவற்றின் முதல் கன்றுகள் ஏலத்துக்கு வர 2027 அக்டோபர் ஆகும்.