பத்து சென்ட்டில் ஆறு பேர் வாழும் வீடு: சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக மாற்ற எங்கிருந்து தொடங்குவது?

குமரி மாவட்டத்தில் தக்கலை பக்கம் பத்து சென்ட்டில் வீடு, அப்பா அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர், முதலில் சோலார் போடலாமா, உரக்குழி வெட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதிக்க வேண்டும் என்று அப்பா சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் திருவட்டாறு பக்கம். நம்ம ஊர் வீட்டை மனதில் வைத்தே சொல்கிறேன். சென்னை அடுக்குமாடிக்குச் சொல்லும் யோசனைகள் நமக்குப் பாதிதான் பொருந்தும்.

சோலார், உரக்குழி இரண்டுக்கும் முன்னால், சாயங்காலம் முற்றத்தில் போடும் தீயை நிறுத்துங்கள்.

நம்ம பக்கம் இது அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. முற்றத்தைத் தூத்துக் கூட்டிச் சருகை ஒரு மூலையில் குவிப்பார்கள். அதற்குள்ளேயே பிஸ்கட் கவர், ஷாம்பு பாக்கெட், மருந்து அட்டை, பிஞ்சுபோன செருப்பு எல்லாம் கிடக்கும். தீ வைத்ததும் முதலில் வெள்ளைப் புகை, பிறகு கரும்புகை. தொண்டையைக் கரிக்கும் அந்த நாற்றம் பக்கத்து வீட்டு ஜன்னல் வரைக்கும் போகும். வீட்டில் இழுப்பு உள்ளவர் ஒருவர் இருந்தால் அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் கிடையாது. சருகு எரிப்பது பழைய வழக்கம்தானே என்று கேட்பார்கள். சருகு மட்டுமே விழுந்த காலத்து வழக்கம் அது. இன்று பிவிசி கலந்த பிளாஸ்டிக் அப்படிப் புகைந்து எரியும்போது டையாக்சின் உண்டாகிறது. அது சாம்பலிலும் மண்ணிலும் படிகிறது; உயிரினங்களின் கொழுப்பில் சேர்கிறது. முற்றத்து மண்ணைக் கிளறித் தின்னும் கோழியின் முட்டை வழியாகவும், புல் மேயும் மாட்டின் பால் வழியாகவும் நம்ம அடுக்களைக்கே திரும்பி வரும். அந்தச் சாம்பலைக் கொண்டுபோய்த் தென்னை மூட்டில் தட்டினால், அதுவும் மண்ணுக்குத்தான் போகிறது.

தீயை நிறுத்த வேண்டுமானால் குப்பைக்கு வேறு வழி இருக்க வேண்டும், இல்லையா? அடுக்களைக்குப் பின்னால் இரண்டு சாக்கு தொங்கவிடுங்கள். ஒன்றில் விலை போகக்கூடியவை: பால் கவர், பாட்டில், அட்டை, தகரம். பால் கவரைக் கழுவி, துணி காயும் கொடியிலேயே கிளிப் போட்டு உலர்த்தினால் நாறாது, பழைய இரும்புக்கடைக்காரரும் எடுத்துக்கொள்வார். கவரை வெட்டும்போது மூலையைத் துண்டாக்கி எடுத்துவிடாதீர்கள், ஒட்டியபடியே விடுங்கள். அந்தச் சின்னத் துண்டுதான் யார் கையிலும் அகப்படாமல் மண்ணோடு போகிறது. இன்னொரு சாக்கில் மற்ற கவர்கள். அவற்றை வீட்டுக்கு வரும் தூய்மைக் காவலரிடம் பிரித்தே கொடுங்கள். டயப்பரும் நாப்கினும்தான் நிஜமான சிக்கல். பகலில் பிள்ளைக்குத் துணி, ராத்திரிக்கும் பயணத்துக்கும் மட்டும் டயப்பர் என்று வைத்தாலே பெரிய அளவில் குறையும். மிச்சத்தைக் காகிதத்தில் பொதிந்து தனியாகக் கொடுங்கள்.

அடுத்தது உரம். குழி வெட்டாதீர்கள் என்பது என் கருத்து. நமக்கு இடவப்பாதி மழையும் (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. குழியில் தண்ணீர் நின்றால் காற்றுப் போகாமல் அழுகி நாறும். பிறகு வீட்டில் யாரும் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். தரைக்கு மேலே, செங்கலை இடைவெளி விட்டு இடுப்பளவு அடுக்கி, மேலே ஒரு தகரமோ ஓலையோ போடுங்கள். ஒரு பாத்திரம் காய்கறிக் கழிவு போட்டால் அதன் மேல் இரண்டு மடங்கு சருகு. எரித்துக்கொண்டிருந்த அதே சருகுதான்! பக்கத்தில் ரப்பர் தோட்டம் இருந்தால் மார்கழி, தை மாதங்களில் இலை கொட்டும்போதே சாக்கில் வாரி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் காய்ந்த சருகு கிடைக்காமல்தான் பலரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

மீன் கழிவை இதில் போட வேண்டாம். பூனை, நாய் கிளறும். வாழை மூட்டிலோ கறிவேப்பிலை மூட்டிலோ முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் புதைத்துவிடலாம். அல்லது அதே எடை வெல்லம் சேர்த்து மூடி வைத்தால் மூன்று வாரத்தில் மீன் அமிலம் ஆகிவிடும். தண்ணீரில் நன்றாகக் கலக்கிச் செடிக்குத் தெளிக்கலாம். அப்புறம், மீன்காரர் ஹாரன் அடிக்கும்போது சட்டியை எடுத்துக்கொண்டே வாசலுக்குப் போங்கள். கறுப்புக் கவர் ஒன்று மிச்சம்.

தேங்காய் உரித்த மட்டையான கதம்பையையும் யாருக்கும் சும்மா கொடுக்காதீர்கள், எரிக்கவும் வேண்டாம். தென்னை மூட்டிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி, சுற்றிலும் ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் எடுத்து, கதம்பையின் குழிந்த பக்கம் மேலே பார்க்கிற மாதிரி நெருக்கமாக அடுக்கி மண் போட்டு மூடுங்கள். மழைத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு வெயில் காலத்தில் வேருக்குக் கொடுக்கும். மட்கி முடிய ஐந்தாறு வருடம் ஆகும். இதை மழைக்கு முன் செய்வது நல்லது. சிரட்டைகளை (கொட்டாங்குச்சி) மட்டும் வாய் மேலே பார்க்கப் போட்டுவைக்காதீர்கள். ரப்பர் பால் சிரட்டையும் அப்படித்தான், பால் வெட்டாத காலத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். டெங்கு பரப்பும் கொசுவுக்கு அந்த அளவு தண்ணீரே போதும்.

கிணறு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பத்து சென்ட்டில் கிணறும் கக்கூஸ் குழியும் எவ்வளவு நெருங்கி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஐம்பது அடியாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். கழிவறையில் ஆசிட்டும் பினாயிலும் தினமும் ஊற்றினால் தொட்டிக்குள் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். கழிவு சரியாக மட்காமல் கசிந்து இறங்கும்.

கூரைத் தண்ணீரைக் கிணற்றுக்குக் கொடுங்கள். ஆயிரம் சதுர அடி கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் அன்று வைத்த குழாய் இன்று ஓடையைப் பார்த்து நிற்கிறது. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, ஜல்லி, கரி, மணல் போட்ட தொட்டி வழியாகக் கிணற்றில் இறக்கினால் போதும்.

கரண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கிற இடத்தில் பிஎல்டிசி என்கிற புது வகை மோட்டார் விசிறி 30 வாட் அளவுக்கு எடுக்கும். ராத்திரி முழுக்க ஓடுகிற அறைகளில் முதலில் மாற்றுங்கள். சோலார் நல்லதுதான், மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் உங்கள் மாடியில் தென்னை நிழல் எப்போதெல்லாம் விழுகிறது என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பலகையின் ஒரு பகுதியில் நிழல் விழுந்தாலே உற்பத்தி நன்றாகக் குறையும். தேங்காயும் மட்டையும் விழுகிற இடமாகவும் இருக்கக்கூடாது. அதற்காக நல்ல காய்ப்புள்ள தென்னையை வெட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

வீட்டு விசேஷங்களுக்கு வாழை இலையும் வாடகை எவர்சில்வர் டம்ளரும் போதும். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டதுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வேலை எல்லாம் வீட்டுப் பெண்கள் தலையில் விழக்கூடாது. பால் கவர் கழுவுவது, சருகு போடுவது, சாக்கு கட்டுவது என்று ஆளுக்கொன்றாகப் பிரியுங்கள். பிள்ளைகள் செய்வார்கள், அப்பாவும் செய்வார். அம்மா மட்டும் செய்கிற ஏற்பாடு அவருக்கு ஒரு காய்ச்சல் வந்ததும் நின்றுபோகும்.

இனி இன்டர்லாக். அப்பாவிடம் நேரடியாக மறுக்காதீர்கள். மழையில் சேறு மிதித்து வீட்டுக்குள் வருவதுதான் அவருடைய கஷ்டம். வயதானவருக்கு வழுக்கும் பயமும் இருக்கும், அது நியாயமானது. வாசலிலிருந்து கேட் வரைக்கும் நடக்க ஒரு பாதை, கார் சக்கரம் ஓட இரண்டு வரி, அவ்வளவுக்கு மட்டும் கல் போடுங்கள். மற்ற இடத்தில் புல்லோ ஜல்லியோ இருக்கட்டும். மாமரத்தையும் பலாமரத்தையும் சுற்றி ஆறடிக்குக் கல்லே வேண்டாம். வேலைக்காரர் வரும்போது கல்லுக்கு அடியில் சிமெண்ட் கலவை போடாமல் பாறைப்பொடி மட்டும் போடச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் இடுக்கு வழியாகக் கீழே இறங்கும், நாளைக்குப் பெயர்த்தெடுப்பதும் சுலபம்.