எம்.பிளானுக்குப் பிறகு பிஎச்.டி. செய்யலாமா?

எம்.பிளான் (நகரத் திட்டமிடலில் முதுகலை) முடித்து ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், பிஎச்.டி. அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். நகரங்களுக்கு மாஸ்டர் பிளான் (முழுமைத் திட்டம்) போடும் வேலையிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் தேவையில்லை. பேராசிரியர் வேலையோ ஆய்வோதான் ஆசை என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி முதுகலையில் 55% வேண்டும். படிப்புக்காலம் குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக 6 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். டெல்லி எஸ்பிஏ (திட்டமிடல், கட்டடக்கலைக் கல்வி நிறுவனம்), கரக்பூர், ரூர்க்கி ஐஐடிகள், அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம் எல்லாம் பார்க்கலாம். ஐஐடி என்றால் கேட் நுழைவுத் தேர்வின் கட்டடக்கலை, திட்டமிடல் தாள் கைகொடுக்கும்.

கல்லூரிப் பெயரைவிட வழிகாட்டியும் ஆய்வுக் கேள்வியும்தான் முக்கியம் என்பேன். ‘சென்னை வெள்ளம்’ என்று எழுதிக்கொண்டு போனால் யாரும் மதிக்க மாட்டார்கள். 2008-இல் வந்த சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றி நிலப் பயன்பாட்டை எப்படி மாற்றியது என்று கேட்டால் அது ஆய்வு. அப்புறம், பழைய வரைபடம், கட்டட அனுமதி விவரம் இதெல்லாம் கைக்கு வருமா என்று பார்த்துவிட்டுத் தலைப்பைப் பதிவு செய்யுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பதிலேயே மாதங்கள் ஓடிவிடும்.