பார்க்கப் போகலாம், தட்டு மாற்ற முடியாது

வணக்கம். 2022 ஆகஸ்டில் அமெரிக்க சபாநாயகர் நான்சி பெலோசி தைவான் போனதைப் பற்றி நண்பர்களுக்குள் ஒரு விவாதம். 'இப்போது போவது நல்லதில்லை என்று ராணுவம் நினைக்கிறது' என்று அதிபர் பைடனே சொன்ன பிறகும் அவர் போனார். அதற்கு முன், 2015இல், ஒபாமா அரசு இரானோடு அணு ஒப்பந்தம் பேசிக்கொண்டிருக்கும்போதே 47 செனட்டர்கள் (மேலவை உறுப்பினர்கள்) இரான் தலைவர்களுக்கு நேராகக் கடிதம் எழுதினார்கள். ஒரு நாட்டுக்கு எத்தனை வாய் இருக்கலாம்? இதைத் தடுக்க லோகன் சட்டம் என்று ஒன்று இருக்கிறதாமே, பிறகு ஏன் யார் மீதும் வழக்கு இல்லை?
— ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தச் சட்டத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1798இல் அமெரிக்காவும் பிரான்ஸும் கடலில் மோதிக்கொண்டிருந்தன. பேசப்போன அமெரிக்கத் தூதர்களிடம் பிரெஞ்சுத் தரப்பு லஞ்சம் கேட்டது வெளியாகி, முழுப் போர் வந்துவிடும் என்ற நிலை. அப்போது பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜார்ஜ் லோகன் என்ற மருத்துவர், போரை வெறுக்கும் குவேக்கர் சமயத்தவர், யாரும் அனுப்பாமலே கப்பலேறிப் பாரிஸ் போனார். வெளியுறவு அமைச்சர் தாலேராந்தைச் சந்தித்தார். அதிபர் ஜான் ஆடம்ஸின் கட்சிக்காரர்கள் கொதித்துப்போய் 1799 ஜனவரியில் சட்டம் கொண்டுவந்தார்கள். அரசின் அதிகாரம் இல்லாமல், தகராறில் இருக்கும் ஓர் அந்நிய அரசோடு தொடர்புகொண்டு அதன் போக்கை மாற்ற முயன்றால் மூன்றாண்டு வரை சிறை. அந்த லோகனையே இரண்டு ஆண்டு கழித்து பென்சில்வேனியா மாநிலம் செனட்டராக அனுப்பியது!

அப்புறம் இத்தனை காலத்தில் இரண்டே பேர் மீதுதான் இந்தச் சட்டத்தின்படி குற்றம் சாட்டப்பட்டது. 1803இல் பத்திரிகையில் கட்டுரை எழுதிய கென்டக்கி விவசாயி ஒருவர், 1852இல் இன்னொருவர். ஒருவரும் தண்டனை பெறவில்லை. காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினர்களைப் பொறுத்தவரை, 1975இல் செனட்டர்கள் ஸ்பார்க்மனும் மெக்கவர்னும் கியூபா போய்வந்தபோது வெளியுறவுத் துறையே விளக்கம் கொடுத்தது. சட்டமியற்றும் கடமைக்காக வெளிநாட்டு அதிகாரிகளோடு பேசுவதை இந்தச் சட்டம் தடுப்பதாகத் தெரியவில்லை என்றது.

சரி, சிறைக்குப் போகமாட்டார்கள் என்பதற்காக எதை வேண்டுமானாலும் செய்துவிடலாமா? உங்கள் கேள்வியின் மையம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நம் வீட்டுக் கல்யாணப் பேச்சை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு மாமா போகலாம், சித்தப்பா போகலாம், தெரிந்தவர் ஒருவர் தெருவில் விசாரித்துவிட்டும் வரலாம். நிச்சயத் தட்டு மாற்றுவது மட்டும் பெண்ணைப் பெற்றவர்கள். அமெரிக்காவில் தட்டு அதிபர் கையில் இருக்கிறது. தூதர்களை ஏற்பவர் அவர், உடன்படிக்கை பேசுபவர் அவர். எந்த அரசை அங்கீகரிப்பது என்பது அதிபரின் அதிகாரம் மட்டுமே என்று 2015இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதிக்காமல் உடன்படிக்கை செல்லாது. முதல் உலகப் போரை முடித்த வெர்சாய் உடன்படிக்கையை, அதிபர் வில்சனே பாரிஸில் உட்கார்ந்து பேசியதை, செனட் நிராகரித்தது. போர் அறிவிப்பு, வெளிநாட்டு வணிகம், செலவுக்கான பணம், மூன்றும் காங்கிரஸ் கையில். ஒரு நாட்டுக்குப் பணமும் ஆயுதமும் ஒதுக்க வாக்களிக்கிறவர் அந்த நாட்டுக்குப் போய், அங்கே ஆள்பவர்களிடம் கேள்வி கேட்டுவிட்டு வர வேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.

நமக்கு இது விநோதமாகப் படுவதற்குக் காரணம் உண்டு. நம் பிரதமர் மக்களவையின் பெரும்பான்மையால் நிற்கிறவர். அங்கே அதிபரையும் காங்கிரஸையும் மக்கள் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். சபாநாயகர் அதிபருக்குக் கீழே வேலை செய்பவர் அல்ல.

இப்போது அந்த 47 பேரின் கடிதம். அனைவரும் குடியரசுக் கட்சியினர், எழுதியவர் டாம் காட்டன். காங்கிரஸ் ஒப்புதல் இல்லாமல் அதிபர் செய்யும் ஒப்பந்தத்தை அடுத்த அதிபர் ஒரு கையெழுத்தில் ரத்து செய்துவிடலாம் என்பதே அதன் சாரம். அது உண்மை என்பதை 2018 மே மாதம் டிரம்ப் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியபோது எல்லோரும் பார்த்தோம். இருந்தாலும் அந்தக் கடிதம் தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே சொற்களை செனட் அவையில் பேசியிருக்கலாம், ஒபாமாவுக்கே எழுதியிருக்கலாம். எதிரே மேசையில் உட்கார்ந்திருப்பவனிடம் போய், 'எங்கள் ஆள் சொல்வதை நம்பாதே' என்று சொல்வது வேறு காரியம். 1984இல் ஜிம் ரைட் உள்ளிட்ட பத்து ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் நிகராகுவாவின் ஆட்சித் தலைவர் டேனியல் ஒர்டேகாவுக்கு, 'அன்புள்ள தளபதி' என்று தொடங்கி எழுதினார்கள். அதிபர் ரீகன் அந்த அரசுக்கு எதிராகப் போராளிகளுக்கு உதவிக்கொண்டிருந்த நேரம். அன்று குடியரசுக் கட்சியினர் கொதித்தார்கள், 2015இல் ஜனநாயகக் கட்சியினர். கட்சி மாறும்போது நியாயம் மாறுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

செய்ய முடிந்த வழி அவர்கள் கையிலேயே இருந்தது. அதே 2015 மே மாதம், ஒப்பந்தத்தை காங்கிரஸ் பரிசீலிக்க வழிசெய்யும் மசோதாவை செனட் 98க்கு 1 என்று நிறைவேற்றியது. அந்த ஒரே எதிர்ப்பு வாக்கு காட்டனுடையது, மசோதா போதாது என்பது அவர் வாதம். 1986இல் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் மீது பொருளாதாரத் தடை விதிக்கும் சட்டத்தை ரீகன் நிராகரித்தபோது, இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்து அவரை மீறின. அவர் கட்சிக்காரர்கள் பலரும் அதற்கு வாக்களித்தார்கள்.

பெலோசிக்கு வருகிறேன். அவர் தைவானில் எந்த வாக்குறுதியும் எழுதித் தரவில்லை, கொள்கை மாறவில்லை என்றே சொன்னார். போக அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் அவர் கிளம்பிய மறுநாளே, தைவானைத் தன் பகுதி என்று சொல்லும் சீனா, தீவைச் சுற்றி ஏவுகணைப் பயிற்சியில் இறங்கியது, அதற்கடுத்த நாள் அமெரிக்காவோடு பருவநிலைப் பேச்சையும் நிறுத்தியது. அந்த நாட்களில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தைவான் மக்கள். சில மாதம் தள்ளிப் போட்டிருக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அன்புடன்.