பாஸ்வேர்டு அக்காவின் நோட்டில்

மூணாறு பக்கத்திலிருந்து ஒரு வாசகி:

"தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறேன். அடுத்த வருஷம் 58 முடிகிறது, ரிட்டையர் ஆகிவிடுவேன். வீட்டுக்காரர் இறந்து நாலு வருஷம். மகன் பி.காம். முடித்து இரண்டு வருஷமாக கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. (தேர்வாணைய) பரீட்சை எழுதுகிறான், ஒன்றும் அமையவில்லை. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். மூத்தவளுக்கு 26 வயது. பிளஸ் டூ படித்துவிட்டு என்னோடு தற்காலிகமாகக் கொழுந்துக்கு வருகிறாள். அவளைப் பெர்மனன்ட் ஆக்கிவிட்டால் வீடு தங்கும். என் கிராஜுவிட்டிப் பணத்தில் மகனை எர்ணாகுளத்தில் கோச்சிங் சேர்க்கலாமா? பி.எஸ்.சி. பாஸ்வேர்டு, தேதி எல்லாம் மகள்தான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அப்பாவைக் கோட்டயம் மெடிக்கல் காலேஜில் வைத்திருந்தபோது மலையாளம் படிக்கக் கற்றுக்கொண்டாள். எனக்கு எழுதத் தெரியாது, இதையும் அவள்தான் எழுதித் தருகிறாள்."

பதில்:

சகோதரி, கோச்சிங் கதை அப்புறம். முதலில் அந்த நோட்டைப் பற்றிப் பேசுவோம்.

கேரள பி.எஸ்.சி.யில் அப்ளை பண்ணினால் மட்டும் போதாது. பரீட்சை எழுத வருவேன் என்று அவர்கள் சொல்லும் நாட்களுக்குள் உறுதி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த விண்ணப்பமே செல்லாது. மலையாளத்தில் வரும் அறிவிப்பைப் படித்து, எந்த வேலைக்கு என்ன தகுதி என்று பிரித்து, நாள் தவறாமல் தம்பிக்காக இதைச் செய்து வருவது யார்? காலையில் உங்களோடு மலை ஏறி, சாயங்காலம் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, விரலில் கறையோடு வீடு திரும்புகிற பெண். பட்டப்படிப்பு முடித்த பையன் தன் பாஸ்வேர்டைக்கூட அக்காவிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இதை நீங்கள் பெருமையாக எழுதச் சொன்னீர்களா, போகிற போக்கில் சொன்னீர்களா தெரியாது. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

உங்கள் கடிதத்தில் அவள் எழுதிய பரீட்சை ஒன்றுகூட இல்லை. ஏன்? ஒருவேளை அவளுக்குத் தகுதி இல்லை என்று நினைக்கிறீர்களோ. எல்.டி. கிளார்க் வேலைக்கு எஸ்.எஸ்.எல்.சி. போதும். பியூன் போன்ற லாஸ்ட் கிரேடு வேலைக்கு ஏழாம் வகுப்பு போதும், ஆனால் டிகிரி வாங்கியவர்கள் அதற்கு விண்ணப்பிக்கக் கூடாது என்பது விதி. அதாவது உங்கள் மகன் தொட முடியாத பரீட்சையை உங்கள் மகள் எழுதலாம். வயது வரம்பு பொதுப் பிரிவுக்கே 36. விண்ணப்பத்துக்குக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழும் மலையாளமும் தெரிந்த கிளார்க் என்று தனியாகவே வேலைக்கு எடுக்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மருந்துச் சீட்டையும் வார்டு பலகையையும் பார்த்து மலையாளம் படித்தவளைத்தான் நீங்கள் லயத்துக்கு ஈடாக வைக்கப் பார்க்கிறீர்கள்.

எஸ்.எஸ்.எல்.சி. அளவிலான பரீட்சைகளில் நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே கேள்வித்தாள் உண்டு. முன்கூட்டியே தமிழ் என்று குறிப்பிட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். இது யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதல்ல. 1956இல் மாநிலம் பிரித்தபோது மூணாறு இருக்கிற தேவிகுளம் தாலுகாவும் பீர்மேடு தாலுகாவும் கேரளத்தோடு நின்றன. அன்றிலிருந்து மொழிச் சிறுபான்மையினர் என்ற முறையில் நமக்கு உள்ள உரிமை இது.

சரி, வீடு. லயம் போனால் எங்கே போவது என்ற பயம் எனக்குப் புரியாமல் இல்லை. தலைமுறை தலைமுறையாக உழைத்த இடத்தில் ஒரு சுவர்கூட நமக்குச் சொந்தமில்லை. அந்த அநியாயத்தை இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் வீட்டைக் காப்பாற்ற ஒருவர் பேர் பதிந்துதான் ஆக வேண்டும் என்றால், அது இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிற மகனாக இருக்கட்டும். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவாத்துக்கும் மருந்தடிக்கவும் ஆண்கள் போகிறார்கள் அல்லவா? பி.காம். படித்தவன் கவாத்துக் கத்தி பிடிப்பதா என்று உங்கள் வாயில் வரும். பிளஸ் டூ படித்தவள் கூடை சுமப்பது மட்டும் எப்படிச் சரியானது? பகலில் வேலை, ராத்திரி தம்பியின் நோட்டு என்று இத்தனை நாள் அவள் இருந்தாள். அவனும் பகலில் வேலை, ராத்திரி படிப்பு என்று இருக்கட்டும். குடும்பம் என்றால் ஆண்பிள்ளைக்கும் ஒரு பாரம் உண்டு, அதை அவன் தலையில் வைக்காமல் வளர்த்தது நீங்கள்தான்.

கிராஜுவிட்டிப் பணத்தைக் கோச்சிங்குக்குக் கொடுக்காதீர்கள். வயதான காலத்தில் உங்களிடம் இருக்கப்போவது அது ஒன்றுதான். மகன் முதலில் தன் அப்ளிகேஷனைத் தானே போடட்டும், மலையாளம் எழுதப் படிக்க அக்காவிடமே கற்றுக்கொள்ளட்டும்.

இன்னொன்று, ரிட்டையர் ஆவதற்குள் செய்ய வேண்டியது. நீங்கள் பட்டியல் சாதியாக இருந்தால், 1950க்கு முன்பே உங்கள் குடும்பம் இங்கே இருந்தது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இங்கே எஸ்.சி. சான்றிதழ் கிடைப்பதில்லை. பெரியவர்கள் பெயர் உள்ள பழைய செக்ரோல் (தொழிலாளர் பேர்ப் பதிவேடு), சர்வீஸ் தாள் எதுவானாலும் எஸ்டேட் ஆபீஸில் கேட்டு இப்போதே நகல் வாங்கி வையுங்கள். பேர் செக்ரோலில் இருக்கும்வரைதான் அந்த ஆபீஸ் வாசலில் உங்கள் பேச்சுக்கு மதிப்பு.

இந்தப் பதிலை உங்களுக்குப் படித்துக் காட்டப்போவதும் மகள்தான். ஆகவே அவளிடம் ஒரு வார்த்தை. அம்மாடி, இந்த இடம் வந்ததும் சத்தத்தைக் குறைக்காதே, தாண்டியும் போகாதே. நோட்டில் தம்பியின் பக்கத்தைக் கிழித்து அவன் கையில் கொடு. அடுத்த பக்கத்தில் உன் பேரை எழுது, இன்று ராத்திரியே உனக்கு ரெஜிஸ்டர் பண்ணு. போட்டோ எடுக்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை அம்மா உன்னோடு மூணாறு டவுனுக்கு வரட்டும்.