சமூக அறிவியல் பீரியடில் கொட்டாவியா? தரையில் ஒரு பாட்டிலை வைத்துத் தொடங்குங்கள்

கேள்வி: நான்காம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். 36 பிள்ளைகள், 40 நிமிட பீரியட். பாடத்தை வாசித்து, விளக்கி, கேள்வி பதில் எழுத வைத்தால் பாதி வகுப்பு கொட்டாவி விடுகிறது. சார்ட், மாதிரி, நாடகம் என்று மாற்றிப் பார்த்தேன். சத்தமும் குப்பையும்தான் மிச்சம். மறுவாரம் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. செலவில்லாமல் என்ன செய்யலாம்?

பதில்: மாதிரி செய்ய வைத்தீர்கள், சரி. ஆனால் அதைச் செய்து முடிக்கப் பாடம் தேவைப்பட்டதா? அட்டையில் கோட்டை கட்டும் பிள்ளை 40 நிமிடமும் யோசிப்பது பசையைப் பற்றி. சுவர் ஏன் அவ்வளவு தடிமன், முற்றுகையின்போது உள்ளே தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அதன் தலைக்குள் நுழையவே இல்லை. அதனால் எந்தச் செயல்பாட்டையும் எடுக்குமுன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் சொல்லித்தர நினைப்பதைப் பயன்படுத்தாமல் பிள்ளை இதை முடித்துவிட முடியுமா? முடியும் என்றால் அதைக் கைவேலை வகுப்புக்குத் தள்ளிவிடலாம். இந்தச் சல்லடையில் தேறும் சிலவற்றைச் சொல்கிறேன்.

வரைபடம்: வாசிக்கும் முன் வரையட்டும்

வரைபடத்தில் பிள்ளைகளுக்குச் சிக்கல் நிறமோ குறியீடோ இல்லை. மேலிருந்து பார்ப்பது என்றால் என்ன என்பதே பிடிபடுவதில்லை. தரையில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு டப்பா, ஒரு புத்தகம், ஒரு பந்து வைத்து, 'மேலே பறக்கும் காக்கைக்குத் தெரிவதுபோல் வரை' என்று சொல்லிப் பாருங்கள். பலர் பாட்டிலைக் கழுத்தும் மூடியுமாக, படுக்க வைத்தாற்போல் வரைவார்கள். திருத்த வேண்டாம். பாட்டிலைத் தாளின் மேல் நிறுத்தி, அடியைச் சுற்றிப் பென்சிலை ஓட்டச் சொல்லுங்கள். எடுத்தால் ஒரு வட்டம். 'பாட்டில் எங்கே போச்சு?' என்று யாராவது கேட்கும் இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது.

மறுநாள் வகுப்பறை. அறை 8 மீட்டருக்கு 6 மீட்டர் என்றால், 1 மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் என்று வைத்தால் 16-க்கு 12 சென்டிமீட்டர் வரும். ஏ4 தாளில் ஓரத்துக்கும் இடம் விட்டு அடங்கும். கட்டம் போட்ட தாள் கொடுத்தால் கணக்கு பாதியாகக் குறையும். நான்கு பேருக்கு ஓர் அளவு என்று பிரித்துவிடுங்கள்: ஒரு குழு கதவு, ஒரு குழு கரும்பலகை, ஒரு குழு அலமாரி. அளவுகள் எல்லாம் பலகையில் ஏறியபின் இருவருக்கு ஒரு வரைபடம்.

இனி முக்கியமான கட்டம். வரைபடத்தை நீங்கள் திருத்தாதீர்கள். இன்னொரு ஜோடி திருத்தட்டும். ஒன்பது ஜோடிகள் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க, மற்ற ஒன்பது ஜோடிகள் ஆளுக்கொரு சாக்பீஸ் துண்டை ஒளித்து, தங்கள் வரைபடத்தில் பெருக்கல் குறி போட வேண்டும். பிறகு தாளை மட்டும் எதிர் ஜோடியிடம் கொடுக்கலாம், பேசக் கூடாது. மூன்று நிமிடம். சாக்பீஸ் கிடைக்கவில்லை என்றால் நான்கு பேரும் உட்கார்ந்து, வரைந்ததில் தவறா, வாசித்ததில் தவறா என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் தாளைத் தலைகீழாகப் பிடித்திருப்பார்கள். வரைந்தவர் பலகையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், தேடுபவர் பலகைக்கு முதுகு காட்டி நிற்கிறார், இடம் வலமாகிவிட்டது. தாளில் உள்ள பலகை, அறையில் உள்ள பலகையை நோக்கும்படி திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள். வரைபடத்தைத் திசைக்கு நிறுத்துவது என்பது அவ்வளவுதான்.

'வடக்கு மேலே இருக்கிறது' என்று பிள்ளைகள் வானத்தைக் காட்டினால் சிரிக்காதீர்கள், சுவரில் மாட்டிய வரைபடம் அப்படித்தான் சொல்லித்தந்திருக்கிறது. வரைபடத்தைக் கழற்றித் தரையில் விரியுங்கள். திசை காண, வெயிலில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு நிழல் நுனியில் ஒரு கல், அரைமணி கழித்து நகர்ந்த நுனியில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. முதல் கல் இடக்கைப் பக்கமும் இரண்டாவது வலக்கைப் பக்கமும் இருக்க நின்றால் எதிரே ஏறத்தாழ வடக்கு. நண்பகலை ஒட்டிச் செய்தால் துல்லியம் கூடும். திசைகாட்டி வைத்திருந்தால் இரும்பு மேசையை விட்டுத் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் குழுவுக்கு ஒரு வடக்கு வரும், பீரியட் அதிலேயே போய்விடும்.

குளோப் இருந்தால் இன்னொன்று. மெல்லிய தாளை அதன்மேல் வைத்துக் கிரீன்லாந்தை நகலெடுத்து வெட்டி, அதே குளோபில் ஆப்பிரிக்காவின் மேல் வைக்கட்டும். வரைபட வல்லுநர் மெர்கேட்டர் 1569-இல் கடலோடிகளுக்காக வகுத்த முறையில் வரைந்த உலகப் படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரிது. உருண்டையைத் தட்டையாக்கினால் எங்காவது இழுபடும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

வரலாறு: நூறு ஆண்டுக்கு ஒரு மீட்டர்

எட்டு ஒன்பது வயதில் ஆண்டு என்பது வெறும் எண். 1450-ம் 1876-ம் 'ரொம்ப முன்னாடி' என்ற ஒரே மூட்டையில் கிடக்கும். பாடநூலின் காலக்கோட்டில் நிகழ்வுகள் சம இடைவெளியில் அச்சாகியிருந்தால் குழப்பம் கூடத்தான் செய்யும்.

இழுபடாத கயிறு 25 மீட்டர் எடுங்கள். ஒரு சென்டிமீட்டர் ஓர் ஆண்டு. ஒவ்வொரு மீட்டருக்கும் வண்ண நூல் முடிச்சு. ஒரு முனையில் 'இன்று'. முதலில் பிள்ளை தன் பிறப்பைக் குறிக்கட்டும்: ஒன்பது சென்டிமீட்டர், ஒரு சாண்கூட வராது. 65 வயதுப் பாட்டி 65 சென்டிமீட்டரில். 1969-இல் மனிதன் நிலவில் இறங்கியது அரை மீட்டரைச் சற்றுத் தாண்டி, பாட்டியின் வாழ்நாளுக்குள்ளேயே விழும். பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற 1876 ஒன்றரை மீட்டரில். கூட்டன்பர்க்கின் அச்சு, 1450 வாக்கில், ஐந்தே முக்கால் மீட்டர். அட்டையைக் கயிற்றில் மாட்டப் பிள்ளை நடக்க வேண்டும். அந்த நடையில்தான் காலம் உடம்பில் ஏறுகிறது.

பிறகு மைதானத்துக்குப் போங்கள். கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30: இருபதரை மீட்டர். கீசாவின் பெரிய பிரமிடு கி.மு. 2560 வாக்கில்: கயிறு முடிந்தும் ஏறத்தாழ 21 மீட்டர் நடந்து, 46-ஆவது மீட்டரில் நிற்க வேண்டும். பிரமிடு கட்டியவர்களைவிட நமக்குத்தான் கிளியோபாட்ரா கிட்டத்தில். இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், கயிற்றருகே நிற்கும் பிள்ளை சொல்லட்டும்.

கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. ஒரே நாளில் இருபது அட்டை மாட்டினால் கயிறு தோரணமாகிவிடும். முதல் நாள் ஐந்து போதும். பிறகு ஆண்டு முழுக்க, புதுப் பாடம் வரும்போதெல்லாம் ஓர் அட்டை கூட்டுங்கள்.

படம், வாக்கு, வேடம்

பழைய புகைப்படம் ஒன்றை ஏ4 அளவில் நால்வருக்கு ஒன்று கொடுங்கள். முக்கால் பங்கை மூடி, ஒரு நிமிடத்துக்குக் கால் பங்காகத் திறக்கட்டும். நோட்டில் இரண்டு பத்தி: 'பார்த்தது', 'நினைத்தது'. 'அவர் ஏழை' என்று ஒருவன் 'பார்த்தது' பத்தியில் எழுதுவான். 'எந்த இடத்தைப் பார்த்துச் சொல்கிறாய், விரல் வை' என்றால் கிழிந்த சட்டையைக் காட்டுவான். சட்டை முதல் பத்திக்கு, ஏழை இரண்டாவதற்கு. சான்றையும் ஊகத்தையும் பிரிப்பது வரலாற்றுப் பாடத்தின் உயிர்நாடி. இந்த வயதிலேயே அது வரும்.

தேர்தல் பாடத்துக்கு அவர்கள் கையில் உண்மையாகவே உள்ள ஒரு முடிவை எடுங்கள், வரும் விளையாட்டு பீரியடில் என்ன ஆடலாம் என்பதைப்போல. முதலில் கைதூக்கி வாக்கு. உடனே அதே கேள்விக்குத் துண்டுச் சீட்டில் ரகசிய வாக்கு. இரண்டு எண்ணிக்கையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில். வித்தியாசம் வந்தால் ஏன் என்று கேளுங்கள். நண்பனின் கையைப் பார்த்துக் கை தூக்கியவர்கள் தாமே சொல்வார்கள். அரசு அச்சிட்ட சீட்டில் ரகசிய வாக்கு 1856-இல் ஆஸ்திரேலியக் காலனிகளில் சட்டமானது என்ற செய்தியை அதன்பின் சொன்னால் ஒட்டும். முடிவை நிறைவேற்றாமல் விட்டுவிட்டால் மட்டும் அடுத்த தேர்தலுக்கு ஒருவரும் மதிப்புத் தரமாட்டார்கள்.

வேடம் போடுவதில் எச்சரிக்கை வேண்டும். அடிமை, எசமான், ஒடுக்கியவர், ஒடுக்கப்பட்டவர் என்று பிள்ளைகளுக்குப் பாத்திரம் பிரிக்காதீர்கள். 1968-இல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அந்நாட்டின் அயோவா மாநிலத்து ரைஸ்வில்லில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை, கண் நிறத்தை வைத்து மூன்றாம் வகுப்பைப் பிரித்து, ஒரு பிரிவை உயர்வாகவும் மற்றதைத் தாழ்வாகவும் நடத்திய பயிற்சி உலகப் புகழ் பெற்றது; குழந்தைகளை அப்படி நடத்தலாமா என்ற வாதமும் கூடவே தொடர்கிறது. ஏற்கெனவே கிண்டலுக்கு ஆளாகும் பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கும். நடித்துக் காட்டுவதைவிட, அந்தக் காலத்து ஒருவரின் கடிதத்தையோ வாக்குமூலத்தையோ வாசித்துப் பேசுவதே நல்லது.

பாடநூலை என்ன செய்வது? தூக்கிப்போட வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-இல் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உருவாக்கிய ஜிக்சா முறை பெரிய வகுப்புக்கும் பொருந்தும். பாடத்தை நான்காக வெட்டி, நால்வர் கொண்ட ஒன்பது குழுக்களில் ஆளுக்கொரு பகுதி. ஒரே பகுதி கிடைத்த ஒன்பது பேர், நாலும் ஐந்துமாகக் கூடி 12 நிமிடம் படித்துவிட்டுத் தம் குழுவுக்குத் திரும்பிச் சொல்ல வேண்டும். சொல்லும்போது தாள் கவிழ்ந்திருக்கட்டும், ஐந்து சொல் எழுதிய துண்டு மட்டும் கையில். இந்த விதி இல்லாவிட்டால் நால்வரும் மாறி மாறி உரக்க வாசிப்பார்கள், பழைய கதைதான்.

கடைசி மூன்று நிமிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு துண்டுத் தாள், ஒரே கேள்வி: 'இன்று வரைந்ததில் அலமாரி ஏன் செவ்வகம்?' வாசலில் வாங்கிக்கொண்டு மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: புரிந்தது, அரைகுறை, இல்லை. மதிப்பெண் வேண்டாம். 36 சீட்டைப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். நடு அடுக்கு உயரமாக இருந்தால் மறுநாள் புதுப் பாடத்தைத் தள்ளிவைத்து, அதே பாட்டிலை மறுபடி தரையில் வையுங்கள்.